பழைய படங்களைத் திருத்துவோருக்கு: போட்டோஷொப்பில் குறுக்குவிசைகள்

நனைந்து ஒட்டிய படம், நடுவே மடிந்த படம், கறையான் அரித்த படம் என இடம்பெயர்வுகளைத் தாண்டி வந்த புகைப்படங்கள் எமது ஸ்டூடியோக்களுக்கு இன்றும் வருகின்றன. சிலவேளை அது காணாமலாக்கப்பட்ட ஒருவரின் ஒரேயொரு படமாக இருக்கும். அதைத் திருத்துபவரின் கண் முகத்தை விட்டு விலகக்கூடாது. ஆனால் மவுஸை மட்டும் நம்பி வேலை செய்தால், ஒவ்வொரு கருவிக்கும் கண் திரையின் ஓரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். குறுக்குவிசைகளின் முதற்பயன் வேகம் என்பார்கள். என்னைக் கேட்டால், கண் அதே இடத்தில் நிற்பதுதான் முதற்பயன்.

ஸ்கேன் செய்த படத்தைத் திறந்ததும் செய்யவேண்டியது ஷிஃப்ட், கன்ட்ரோல், எஸ். வேறொரு பெயரில், பிஎஸ்டி கோப்பாகச் சேமியுங்கள். பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தி மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டால், கடதாசிப் படமும் உரியவரிடம் திரும்பிப் போயிருந்தால், மீட்க வழியில்லை. அடுத்து கன்ட்ரோல் ஜே. படத்தின் பிரதி ஒன்று புதிய லேயராக மேலே வரும். திருத்தங்கள் எல்லாம் அதில்தான்.

கீறல்களுக்கு ஜே அழுத்தினால் ஹீலிங் பிரஷ் வகைக் கருவிகள் வரும். ஷிஃப்டோடு ஜே அழுத்த, அந்தக் கூட்டத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். எஸ் என்றால் குளோன் ஸ்டாம்ப். ஆல்டைப் பிடித்தபடி நல்ல இடத்தில் ஒரு கிளிக், பின் பழுதான இடத்தில் தடவுதல். பிரஷின் அளவைச் சதுர அடைப்புக்குறி விசைகள் குறைக்கும், கூட்டும். இந்த இரண்டு விசைகளை மட்டும் பழகினாலே பாதி வேலை இலகுவாகும். பெரிதாக்கிய படத்தை நகர்த்த ஸ்பேஸ்பாரை அமர்த்திப் பிடித்து இழுங்கள். முழுப் படத்தையும் பார்க்க கன்ட்ரோலோடு பூச்சியம்.

ஒரு கண் அழிந்திருந்தால் மற்றக் கண்ணைப் பிரதி எடுத்து, கன்ட்ரோல் டீ அழுத்தி, புரட்டி வைப்பது சுலபம். அப்படிச் செய்த முகம் பெரும்பாலும் வேறொருவருடைய முகமாகிவிடும். வீட்டில் மாட்டும் படமென்றால் குடும்பத்தைக் கேட்டுச் செய்யலாம். அடையாளத்துக்காகக் கொடுக்கும் படமென்றால் செய்யாதீர்கள்.

பழைய பதிப்பு வைத்திருப்போர் கவனிக்க: 2018 ஒக்டோபரில் வந்த சிசி 2019 பதிப்புக்கு முன், கன்ட்ரோல் இசட் கடைசிப் படியை மட்டுமே மாற்றும். மீண்டும் அழுத்தினால் அது திரும்ப வந்துவிடும். பல படி பின்செல்ல கன்ட்ரோல், ஆல்ட், இசட் வேண்டும். புதியவற்றில் கன்ட்ரோல் இசட்டே போதும்.

நினைவுதின அட்டையில் எழுத்துச் சேர்க்கும்போது இன்னொரு சிக்கல் வரும். எழுத்துக் கருவி இயங்கும் நேரம் எஸ் அழுத்தினால் குளோன் ஸ்டாம்ப் வராது, படத்தில் ஓர் எழுத்துத்தான் விழும். கன்ட்ரோல் என்டர் அழுத்தி எழுத்தை முடித்துவிட்டு வெளியே வாருங்கள். யுனிகோட் தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருந்தாலும் சில விசைகள் கருவியை மாற்றாமல் போகலாம். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பார் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

இவையெல்லாம் இரண்டு கை உள்ளவரை எண்ணி வைத்த விசைகள். போரில் ஒரு கையை இழந்தவர் மூன்று விசைகளை ஒன்றாக அமர்த்துவது எப்படி? விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து தடவை அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதி வேண்டுமா என்று கேட்கும். பலர் அதைத் தொல்லையென்று மூடிவிடுகிறார்கள். ஆம் என்று கொடுத்தால் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே விரலால் அழுத்தலாம். ஆல்டை இருமுறை தட்டினால் அது அமர்த்தியபடியே நிற்கும், மூன்றாம் முறை தட்ட விடுபடும். குளோன் ஸ்டாம்புக்கு இது போதும். ஸ்பேஸ்பாரைப் பிடித்திருக்க முடியாவிட்டால் எச் அழுத்திக் கைக் கருவிக்கு மாறுங்கள். இடது கையால் மட்டும் வேலை செய்வோர் விண்டோஸ் அமைப்புகளில் மவுஸின் பிரதான பொத்தானை வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விசைகளையே இடம் மாற்றவும் முடியும். ஆல்ட், ஷிஃப்ட், கன்ட்ரோல், கே அழுத்தினால் அதற்கான பெட்டி திறக்கும். கருவிகளுக்குத் தனி எழுத்து ஒன்றை மட்டுமே கொடுக்கலாம், மெனுக் கட்டளைகளுக்கு எஃப் வரிசை விசைகளையும் கொடுக்கலாம். ஏற்கனவே வேறொன்றுக்கு உரிய விசையானால் எச்சரிக்கை வரும். மாற்றியதைத் தனிப் பெயரில் சேமித்தால் ஒரு சிறு கோப்பாகக் கிடைக்கும். அதைப் பென்டிரைவில் எடுத்துப்போய் வேலை செய்யும் மற்றக் கணினியிலும் ஏற்றிக்கொள்ளலாம்.