நடுவே கிழிபடும் ஐந்து சதம்

கிண்ணியாவில் உறவினர் ஒருவரின் றங்குப்பெட்டியைக் கிளறியபோது, காணி உறுதிகளுக்கிடையே முத்திரை போன்ற சின்னக் கடுதாசி ஒன்று கிடைத்தது. ஒரு பாதியில் 2 சதம், மறுபாதியில் 3 சதம். பழைய சாமான் வாங்க வந்தவர் அதற்கு ஐம்பது ரூபாய் தருவதாகச் சொன்னாராம். அது முத்திரையல்ல, பணம்.

1942 ஏப்ரல் 9 காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அதே ஆண்டு ஜூன் 1 எனத் திகதியிட்டு வந்தது இந்த 5 சதத் தாள். உலோகத்தைப் போர் விழுங்கியதால் சில்லறைக்குத் தட்டுப்பாடு. நடுவிலுள்ள வெட்டுக்கோட்டில் கிழித்தால் இரு பாதியும் தனித்தனியே செல்லும். 10, 25, 50 சதங்களும் அவ்வாண்டு தாளாக வந்தன. நெளிவிளிம்புள்ள 2 சத, 10 சத நாணயங்கள் 1944 இல்தான் வந்தன.

முத்திரையும் பணமும் போர்க்காலத்தில் நெருங்குவது புதிதல்ல. 1915 இல் ரஷ்யா முத்திரை வடிவங்களையே தடித்த அட்டையில் அச்சிட்டு, வெள்ளிச் சில்லறைக்குச் சமமென்று பின்புறத்தில் எழுதிப் புழங்கவிட்டது. முதலாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மனியில் கடைக்காரர்கள் உண்மையான முத்திரையை வட்டத் தகரச் சிமிழில் அடைத்து மீதிக்காசாகக் கொடுத்தார்கள். முன்னால் ஒளி ஊடுருவும் மூடி, பின்னால் கடையின் விளம்பரம். இன்று அவற்றின் விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் முத்திரையல்ல, அந்த விளம்பரம்தான். சிமிழைத் திறந்து முத்திரையை மாற்றியிருக்கிறார்களா என்று விளிம்பையும் பார்க்க வேண்டும்.

நமது தாளுக்கு வருவோம். முழுத்தாளையும் தனிப்பாதிகளையும் பட்டியல்கள் வேறுவேறாகவே கணிக்கின்றன. முழுதாக இருப்பதை இப்போது கிழிக்காதீர்கள். மடிப்பு, கறை, பூச்சியரிப்பு விலையைக் குறைக்கும். ஆனால் திருத்த முயல்வது அதைவிட மோசம். செலோடேப் ஒட்டுவது, கழுவுவது, இஸ்திரிபோடுவது வேண்டாம். லெமினேட் செய்வது எல்லாவற்றிலும் கேடு. அடையாள அட்டையை அப்படிக் காப்பாற்றிப் பழகியவர்கள் நாம் என்பதால்தான் சொல்கிறேன்.

விற்பதானால், இணையத்தில் கேட்கப்படும் விலையை நம்பாதீர்கள். ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். வாசலில் நிற்பவரிடம் அன்றைக்கே கொடுக்க வேண்டியதில்லை.

யாருடைய பெட்டியில், எந்த ஊரில் இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். சந்தையில் அதற்குத் தனி விலை கிடைப்பது அரிது. ஆனால் இடப்பெயர்விலும் 2004 கடல்கோளிலும் இந்தக் கரையில் எத்தனையோ பெட்டிகள் போய்விட்டன. உறவினருடையது எப்படியோ தப்பியது. அவர் அந்தத் தாளை உறுதிக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டார்.