வெல்டிங் வைக்கும்போது கோடு தெரியவில்லையா? நாற்பதைக் கடந்த விவசாயிகளுக்கான ஆலோசனை

சேலம், நாமக்கல் சமவெளியில் வெல்டிங் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் என்று இரும்புத் தொழில் சூழ்ந்த பகுதி இது. சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் ஓடும் சிறிய இன்வெர்ட்டர் மிஷின்கள் வந்த பிறகு, கல்ட்டிவேட்டர் சட்டம், கோழிப்பண்ணைக் கூண்டு, கேட், டிரெய்லர் கொக்கி போன்றவற்றை விவசாயிகள் பலர் தோட்டத்திலேயே பற்ற வைத்துக்கொள்கிறார்கள்.

நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு இதில் ஒரு சிக்கல் வருகிறது. முன்பு நேராக ஓடிய வெல்டிங் ஜாயிண்டை விட்டு விலகுகிறது. கசடைத் தட்டிப் பார்த்தால் ஒரு பக்கத் தகடில் மட்டும் பற்றியிருக்கிறது. "கை பழைய மாதிரி இல்லை" என்று நினைக்கிறோம். பெரும்பாலும் காரணம் கை அல்ல, கண். இது சரிசெய்யக்கூடியது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிரெய்லரின் கொக்கி பாதிதான் பற்றியிருந்தால், மேட்டில் ஏறும்போது அறுந்து பின்னால் வருபவர் உயிருக்கே ஆபத்தாகும். அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வயதாகும்போது கண்ணில் என்ன நடக்கிறது?

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் வளைந்து கொடுக்கும். அதனால் தொலைவில் உள்ளதும் அருகில் உள்ளதும் தெளிவாகத் தெரியும். நாற்பதைக் கடந்ததும் லென்ஸ் இறுகத் தொடங்குகிறது. அருகில் இருப்பது மங்கும். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். பத்திரிகையைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கலாம். வெல்டிங்கில் அப்படித் தள்ளிப்போக முடியாது. ராடு முனை கண்ணிலிருந்து 40 முதல் 50 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும்.

இரண்டாவது, வெளிச்சம். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதில் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் அடைகிறது. அதன் மேல் கருப்புக் கண்ணாடியும் சேர்ந்தால் ஜாயிண்ட் கோடு மறைந்துவிடுகிறது.

கீழே சொல்பவற்றை அதே வரிசையில் செய்து பாருங்கள். முதலில் இருப்பவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

1. வெள்ளைக் கண்ணாடியை மாற்றுங்கள்

கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாதாரண வெள்ளைக் கண்ணாடி இருக்கும். தீப்பொறி தெறித்து அதில் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தால், ஆர்க் வெளிச்சம் அதில் சிதறிப் பனிமூட்டம் போலத் தெரியும். வயதான கண்ணுக்கு இந்தச் சிதறல் இன்னும் அதிகமாக உறுத்தும். நகத்தால் தடவும்போது சொரசொரப்பு தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரு பக்கமும் வெள்ளைக் கண்ணாடி இருந்தால் நடுவில் உள்ள கருப்புக் கண்ணாடி கீறல் படாது. கருப்புக் கண்ணாடியில் சிறு விரிசல் இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

2. முதுகில் வெயில் விழாமல் உட்காருங்கள்

பின்னாலிருந்து வரும் வெயில் ஹெல்மெட்டுக்குள் புகுந்து, உள் கண்ணாடியில் உங்கள் முகத்தையும் சட்டையையுமே காட்டும். வெயில் முதுகில் படாத நிழலில் வேலை செய்யுங்கள். முடியாதபோது, தலைக்குப் பின்னால் தடித்த பருத்தித் துணியை ஹெல்மெட் விளிம்பிலிருந்து கழுத்து வரை தொங்கவிடுங்கள். பாலியெஸ்டர் துணி தீப்பொறியில் உருகி ஒட்டும். அது வேண்டாம்.

3. கோட்டைப் பளிச்சென்று போடுங்கள்

சாக்பீஸ் கோடு ஆர்க் வெளிச்சத்தில் மறைந்துவிடும். மாக்கல் துண்டால் கோடு போட்டால் சூட்டிலும் அழியாமல் தெரியும். சேலத்துக் கல்சட்டி செய்கிற அதே கல்தான். ஜாயிண்டிலேயே கோடு போடாமல், இரண்டு செ.மீ. தள்ளி இணையாகப் போட்டால் ராடு எங்கே விலகுகிறது என்று தெரியும். துருவையும் பெயிண்டையும் கிரைண்டர் வைத்துத் தேய்த்துவிட்டால் ஜாயிண்ட் இடுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும், புகையும் குறையும்.

ஆர்க்தான் உங்களுக்கு விளக்கு. ராடுக்கு நேர் பின்னாலிருந்து பார்த்தால் ராடும் புகையும் ஜாயிண்டை மறைக்கும். தலையைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, உருகிய குழம்பின் முன் விளிம்பைப் பாருங்கள். முகத்தைப் புகைக்குள் நீட்ட வேண்டாம்.

4. வேலை தூரத்துக்கு ஏற்ற பவர்

வெள்ளெழுத்துக்கு இதுதான் சரியான தீர்வு. பெரும்பாலானோர் பைபோக்கல் கண்ணாடி போட்டுக்கொண்டு ஹெல்மெட் மாட்டுகிறார்கள். அதில் கிட்டப் பார்க்கும் பவர் கீழ்ப் பகுதியில் மட்டுமே இருக்கும். ஹெல்மெட் ஜன்னல் வழியே நேராகப் பார்க்கும்போது கண் தூரப் பகுதி வழியாகவே பார்க்கும். தலையைத் தூக்கினால் ஜன்னலும் கூடவே தூக்கிக்கொள்ளும். அதனால் கழுத்து வலிதான் மிச்சம்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, வெல்டிங்குக்கென்றே ஒரே பவர் கொண்ட தனிக் கண்ணாடி. வழக்கமாக உட்காரும் நிலையில் கண்ணிலிருந்து ராடு முனை வரை எத்தனை செ.மீ. என்று டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவைக் கண் பரிசோதகரிடம் கொடுங்கள். கணக்கு எளிது: 100-ஐ அந்த செ.மீ. அளவால் வகுத்தால் அந்தத் தூரத்துக்குத் தேவையான அதிகபட்ச பிளஸ் பவர் வரும். 50 செ.மீ. என்றால் 2.00, 40 செ.மீ. என்றால் 2.50. நாற்பத்தைந்து வயதில் கண்ணில் இன்னும் கொஞ்சம் வளையும் திறன் இருப்பதால் இதைவிடக் குறைவாகவே போதும். அறுபதுக்கு மேல் ஏறக்குறைய முழுதும் தேவைப்படும். தூரப் பார்வைக்கு ஏற்கெனவே பவர் இருந்தால் அதோடு இது சேரும்.

இரண்டாம் வழி, ஹெல்மெட்டுக்குள்ளேயே மாட்டும் பூதக்கண்ணாடி லென்ஸ். வெல்டிங் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 2 அங்குல உயரம், நாலேகால் அங்குல அகலத்தில், 1.00 முதல் 2.50 வரை பவர்களில் வருகிறது. இதை உள்பக்கம், அதாவது கண்ணை ஒட்டிய பக்கத்தில்தான் மாட்ட வேண்டும். இது கதிரைத் தடுக்காது. கருப்புக் கண்ணாடி கட்டாயம் முன்னால் இருக்க வேண்டும்.

பவர் கூடக் கூடத் தெளிவாகத் தெரியும் தூரம் குறையும். தேவைக்கு மேல் பவர் வாங்கினால் முகத்தை ஆர்க்குக்கு அருகில் கொண்டுபோக நேரிடும்.

5. கருப்புக் கண்ணாடியின் எண்

கண்ணாடியில் 9, 10, 11 என்று எண் பொறித்திருக்கும். 10-ஆம் எண் கண்ணாடி பத்தாயிரத்தில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு ஒளியை மட்டுமே உள்ளே விடும். ஒரு எண் இறங்கினால் சுமார் 2.7 மடங்கு வெளிச்சம் கூடும். அதனால் 11 போட்டுச் சிரமப்படுபவருக்கு 10 பெரிய வித்தியாசம் தரும். ஆனால் ஓர் எல்லை உண்டு:

* 12 கேஜ் ராடு (2.5 மி.மீ.), 60–90 ஆம்பியர்: 9 அல்லது 10
* 10 கேஜ் ராடு (3.15 மி.மீ.), 90–130 ஆம்பியர்: 10, தெரியாவிட்டால் 9 வரை
* 8 கேஜ் ராடு (4 மி.மீ.), 140–180 ஆம்பியர்: 11, தெரியாவிட்டால் 10 வரை

முதலில் அதிக எண்ணில் தொடங்கி, ஜாயிண்ட் தெரியும் வரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். வேலை முடிந்தபின் கண் கூசினாலோ நெருப்புப் பொட்டு கண்ணிலேயே நின்றாலோ ஒரு எண் ஏற்றிக்கொள்ளுங்கள். கேஸ் கட்டிங் கண்ணாடியையோ கூலிங் கிளாஸையோ போட்டுக்கொண்டு ஆர்க் வெல்டிங் வைக்கக் கூடாது.

6. தானாகக் கருக்கும் ஹெல்மெட்

சாதாரண ஸ்கிரீனில் ஆர்க் பற்றும் வரை எதுவும் தெரியாது. அதனால் ஸ்கிரீனைத் தூக்கி இடத்தைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு ராடைத் தட்டுகிறார்கள். தானாகக் கருக்கும் ஹெல்மெட் ஆர்க் வரும் முன் 3 அல்லது 4-ஆம் எண் அளவுக்கு வெளிச்சமாகவே இருக்கும். ராடை ஜாயிண்டில் வைத்துவிட்டே தொடங்கலாம். பக்கத்தில் ஓர் எல்.இ.டி. விளக்கு வைத்தால் இடம் இன்னும் தெளிவாகும். தலையில் மாட்டுவதால் இடது கையும் காலியாகும், வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கலாம்.

வாங்கும்போது இருள் எண்ணை மாற்றும் வசதி உள்ளதா என்று பாருங்கள். ஐரோப்பியத் தரக் குறியில் 1/1/1/1 என நான்கு எண்கள் இருந்தால் காட்சி மிகத் தெளிவு. எண் கூடினால் தெளிவு குறைவு. முன்னால் உள்ள சென்சாரைக் குழாயோ கையோ மறைத்தால் கருக்காது.

முதலில் கண் பரிசோதனை

மங்கலுக்கெல்லாம் வெள்ளெழுத்துதான் காரணம் என்று முடிவு செய்ய வேண்டாம். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். திடீரென்று பார்வை மறைந்தாலோ, திரை விழுந்தது போல இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவை சிகிச்சை இலவசம். அறுவை முடிந்தவர்கள் எப்போது மீண்டும் வெல்டிங் வைக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரியவில்லை என்பதற்காக ஸ்கிரீனை விலக்கி வெறும் கண்ணால் பார்த்தால், ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியது போல வலி வரும். உருளைக்கிழங்குத் துண்டு, தாய்ப்பால் எதையும் கண்ணில் வைக்க வேண்டாம். வலியை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் நீங்களாக வாங்கி விடவும் வேண்டாம், அது காயம் ஆறுவதைத் தடுக்கும். மருத்துவரைப் பாருங்கள். சாதாரணமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் இப்படிப் படும் கதிர், கண்புரை சீக்கிரம் வர வழிவகுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் உருகிய குழம்பின் விளிம்பு தெளிவாகத் தெரியாவிட்டால், கேட், கூண்டு போன்ற சிறு வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரெய்லர் கொக்கி, ஆக்ஸில், தூக்கும் சங்கிலி போன்ற பாரம் தாங்கும் இடங்களைப் பட்டறையில் கொடுத்துப் பற்ற வையுங்கள்.