அரியர் வைத்தவரின் இன்டர்வியூ

பிளேஸ்மென்ட் சீசன் வந்துவிட்டால் சரவணம்பட்டியில் காற்றே மாறிவிடும். சத்தி ரோட்டு ஜெராக்ஸ் கடைகளில் ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்கக் கூட்டம், சலூனில் கூட்டம், ஹாஸ்டலில் ஒரே டை நாலு கழுத்து மாறும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே மனப்பாடப் பதில். ஆனால் அந்தக் கேள்வி வரை போவதற்கே ஒரு தகுதி வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது என்று பல கம்பெனிகள் முதலிலேயே வடிகட்டிவிடும்.

இந்த விதிப்படி பார்த்தால் உள்ளேயே நுழைந்திருக்க முடியாத ஒருவர் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஈரோட்டில் பிறந்தார். 1887 டிசம்பர் 22. பெயர் சீனிவாச ராமானுஜன். (பிறந்தது ஈரோட்டில் அம்மாவைப் பெற்ற பாட்டி வீட்டில், வளர்ந்தது கும்பகோணம். கொங்கு நாட்டுக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுவது கொஞ்சம் ஓவர்தான், இருக்கட்டும்!)

கணித மேதை ராமானுஜனைப் பாடப் புத்தகத்திலேயே படித்துவிட்டோம். நான் எழுத வந்தது வேலை தேடி அலைந்த ராமானுஜனைப் பற்றி.

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் இங்கிலீஷில் ஃபெயில், ஸ்காலர்ஷிப் போச்சு. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சையில் அந்த வருடமும் தோல்வி, 1907-லும் தோல்வி. 1909-ல் கல்யாணம் ஆனது. கையில் டிகிரி இல்லை, வருமானம் இல்லை. இருந்தது கணக்குகள் எழுதிய நோட்டுப் புத்தகம் மட்டும்.

1910-ல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர், வேலை கொடுக்கவில்லை! இப்படிப்பட்ட மூளையை ரெவின்யூ டிபார்ட்மென்டின் அடிமட்டத்தில் போட்டு நசுக்க மனம் வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். சென்னையிலிருந்த கணித நண்பர்களைப் பார்க்கச் சொல்லி அனுப்பி வைத்தார். இன்டர்வியூவில் ரொம்ப நல்ல பேர் வாங்கியதால் வேலை கிடைக்காமல் போனது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த இன்டர்வியூதான் முக்கியமானது. நெல்லூர் கலெக்டர் திவான் பகதூர் ஆர். ராமச்சந்திர ராவ், அவரும் கணிதச் சங்கத்துக்காரர். அந்தச் சந்திப்பைப் பற்றி அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். குள்ளம், பருமன், சவரம் செய்யாத முகம், உடையிலும் அத்தனை சுத்தமில்லை. கக்கத்தில் நைந்துபோன ஒரு நோட்டு. கண்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. இன்றைய சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் செய்யாதே என்று சொல்வதெல்லாம் ஒரே ஆளிடம்.

ராமானுஜன் நோட்டைத் திறந்து விளக்க ஆரம்பித்தார். கலெக்டருக்குப் புரியவில்லை. ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, அர்த்தமுள்ளதா உளறலா என்று தீர்மானிக்க முடியவில்லை. இன்னொரு நாள் வா என்றார்.

மறுபடி போனபோது நடந்ததைத்தான் நம் டிரெயினிங் வகுப்புகளில் சொல்லித் தர வேண்டும். தன் அறியாமையின் அளவை ராமானுஜன் கணித்துவிட்டார், அதனால் இந்த முறை எளிமையான முடிவுகளைக் காட்டினார் என்று ராமச்சந்திர ராவே எழுதுகிறார். அந்த எளிய முடிவுகளே அன்றைய புத்தகங்களைத் தாண்டி இருந்தன. அங்கிருந்து படிப்படியாக எலிப்டிக் இன்டெக்ரல், ஹைப்பர்ஜியாமெட்ரிக் சீரிஸ், கடைசியில் விரியும் தொடர்கள் பற்றிய தன் சொந்தக் கோட்பாடு வரை கூட்டிக்கொண்டு போனார். கலெக்டர் விழுந்துவிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சி செய்ய வயிற்றுக்கு ஏதாவது கொஞ்சம் கிடைத்தால் போதும் என்பதுதான் பதில். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார் ராவ்.

இரண்டு சந்திப்புக்கும் நடுவில் ராமானுஜன் புது சட்டை வாங்கியதாகத் தெரியவில்லை. மாற்றியது சொல்லும் வரிசையை. எதிரில் இருப்பவருக்கு எது எட்டுமோ அங்கிருந்து தொடங்கினார். பாதிப் பெருமை கலெக்டருக்கும் உண்டு. "எனக்குப் புரியவில்லை, திரும்ப வா" என்று சொல்லும் இன்டர்வியூவரை எங்கே தேடுவது? நமக்கு 10 நிமிடம், அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இனாமாக வாங்கிச் சாப்பிட ரொம்ப நாள் மனம் வரவில்லை. 1912 பிப்ரவரி 9-ம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்று அதில் இருக்கிறது. ஃபெயில் என்ற வார்த்தை கிடையாது, ஆனால் பொய்யும் கிடையாது. அரியர் உள்ள நண்பர்கள் கவனிக்கவும்! கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசுக் கடிதம். மார்ச் 1-ம் தேதி கணக்குப் பிரிவில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயரும் கணிதச் சங்கத்துக்காரர்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் கதை வெறும் தன்னம்பிக்கைக் கட்டுரை ஆகிவிடும். ராமசாமி ஐயர், ராவ், நாராயண ஐயர்... கதவைத் திறந்தவர்கள் எல்லாம் ஒரு சின்ன வட்டம். படித்த, உத்தியோகத்தில் இருந்த, பெரும்பாலும் அவருடைய சமூகத்தையே சேர்ந்த வட்டம். பரம ஏழை என்றாலும் அந்த வீட்டுத் திண்ணை வரை அவரால் போக முடிந்தது. அதே காலத்தில் கோவையில் 1888-ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில் ஓடிக்கொண்டிருந்தது. மில் வேலை கேட்டுப் போகிறவனுக்கு இன்டர்வியூ என்பதே மேஸ்திரியின் பார்வைதான். வேலைக்குச் சேரவும் அதைக் காப்பாற்றிக்கொள்ளவும் மேஸ்திரிக்குக் காசு கொடுக்கும் வழக்கம் இந்தியா முழுக்க இருந்ததை 1931-ல் விட்லி கமிஷன் அறிக்கை பதிவு செய்து, ஆளெடுக்கும் அதிகாரத்தை அவர்களிடமிருந்து எடுக்கச் சொன்னது. அந்த வரிசையில் எத்தனை நோட்டுப் புத்தகங்கள் திறக்கப்படாமல் போயினவோ.

ராமானுஜனும் அந்த வட்டத்துக்கு வெளியே ஒரு விண்ணப்பம் போட்டார். 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதம். எழுத நண்பர்கள் உதவினார்கள், ஆனால் கொண்டு போய்க் கொடுக்க ஆள் கிடையாது. அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ்காரர்களுக்கு எழுதிப் பலனில்லை. ஹார்டிக்கு எழுதியதில் மூடி மறைப்பதே இல்லை: துறைமுக ஆபீஸ் குமாஸ்தா, சம்பளம் வருடத்துக்கு 20 பவுண்டுதான், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. வயதை மட்டும் சுமார் 23 என்று போட்டார், அப்போது 25! அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ஹார்டி முதலில் மோசடியோ என்று சந்தேகப்பட்டார். பிறகு லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, பிப்ரவரி 8-ல் பதில் எழுதினார்.

அதே மாதம் சென்னைக்கு வந்திருந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் நோட்டைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க விதியில் இடம் உண்டா என்று அங்கே விவாதம் நடந்தது. கடைசியில் 1913 மே முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு என்று முடிவானது. கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். அவர் இரண்டு தடவை தோற்ற எஃப்.ஏ. பரீட்சையை நடத்தியதும் அதுதான்.