காலாவதியான பாலிசிக்கும் மதிப்புண்டு

வங்கியில் வேலை பார்த்த நாளில், கடனுக்கு ஈடான சரக்கின் மேல் எடுத்த பாலிசி காலாவதியானால் கட்டிப் பரணில் போட்டவன் நான். கலிபோர்னியா வழக்கு ஒன்றைப் படித்தபின் அது சரிதானா என்று தோன்றுகிறது.

அங்கே ரிவர்சைடு மாவட்டத்தில் ஸ்ட்ரிங்ஃபெல்லோ என்றொரு கழிவுக் குழி. 1956 முதல் 1972 வரை சுமார் 13 கோடி லிட்டர் தொழிற்சாலைக் கழிவைக் கொட்டினார்கள். அடியில் நீர் இறங்காத பாறை என்று சொன்னவர் மாநில அரசின் நிலவியலாளர்! பாறையிலோ விரிசல்கள், விஷம் நிலத்தடி நீரில் கலந்தது. 1998-இல் நீதிமன்றம் மாநில அரசையே பொறுப்பாக்கியது. செலவு 70 கோடி டாலர் வரை போகலாம் என்றது அரசு.

1960, 70-களின் பொறுப்புக் காப்பீட்டு பாலிசிகள் வெளியே வந்தன. பிரீமியம் நின்று வெகுகாலம். ஆனால் அவ்வகைப் பாலிசியில் எப்போது பணம் கேட்கிறோம் என்பதல்ல, சேதம் எப்போது நடந்தது என்பதே கணக்கு. விஷம் வருடக்கணக்கில் இறங்கியது. எந்த வருடம் எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? தங்கள் காலத்துப் பங்கை மட்டும் தருவோம் என்றன கம்பெனிகள். 2012-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு பாலிசியும் தன் உச்சவரம்பு வரை தரவேண்டும், எல்லா வருட வரம்புகளையும் கூட்டிக்கொள்ளலாம் என்றது.

1986 வாக்கில் மாசை அடியோடு விலக்கும் ஷரத்து அங்கே பாலிசிகளில் நுழைந்துவிட்டது. அதனால் பழைய தாளுக்குத்தான் கிராக்கி. தேடித் தருவதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். மூலப் பாலிசி தொலைந்திருந்தால், பிரீமியம் கட்டிய லெட்ஜர் பதிவும் சான்றாவதுண்டு. எங்கள் கிளையில் பழைய லெட்ஜர்களை எடைக்குப் போட்டோம்.