பைலட் ஆக லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டியாச்சு... பயிற்சி பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? முழு விவரம்

அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டங்களிலும் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது திருச்சிதான். 2025 ஜூலை 27-ல் ஆடித் திருவாதிரை விழாவுக்காகக் கங்கைகொண்ட சோழபுரம் வந்த பிரதமர் மோடியும் திருச்சியில் இருந்து ஹெலிகாப்டரில்தான் வந்தார்.

ஆனால் பைலட் ஆகணும்கிற ஆசைக்கு ஊரில் ரன்வே இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்த பிள்ளை ஆசைப்பட்டால், ஜெயங்கொண்டம் பக்கத்தில் முந்திரிக்காட்டை அடமானம் வைத்தாவது பணம் கட்டத் தயாராக இருக்கும் பெற்றோர் உண்டு. பிரச்சினை அதன் பிறகுதான். 'விமானம் ரிப்பேர்', 'இன்ஸ்ட்ரக்டர் இல்லை', 'எரிபொருள் விலை ஏறிடுச்சு, இன்னும் பணம் கட்டுங்க' என்று பயிற்சிப் பள்ளி சொல்ல ஆரம்பித்தால் என்ன செய்வது? கட்டின பணம் போச்சா? படிப்படியாகப் பார்க்கலாம்.

தகராறு ஏன் வருகிறது?

இந்தியாவில் வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் மாணவரே விமானத்தின் பொறுப்பில் இருந்து ஓட்டியிருக்க வேண்டும். இதற்கான செலவு லட்சங்களில் போகிறது. பல பள்ளிகள் இதைத் தவணைகளாக, பெரும்பாலும் முன்கூட்டியே வாங்கிவிடுகின்றன. ஃபீஸ் முதலில், பறப்பது பிறகு. இந்த இடைவெளியில்தான் தகராறு பிறக்கிறது.

பள்ளி நல்ல பள்ளியாகவே இருந்தாலும் பயிற்சி திடீரென நிற்கலாம். 2023 அக்டோபரில் மகாராஷ்டிராவின் பாராமதியில் ரெட்பேர்ட் பயிற்சி நிறுவனத்தின் விமானங்கள் நான்கு நாட்களுக்குள் இரண்டு முறை விபத்துக்குள்ளாயின. அதைத் தொடர்ந்து அந்த நிறுவனத்தின் பயிற்சி அனுமதியை விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நிறுத்தி வைத்தது. பாதுகாப்புக்கு அது தேவையான நடவடிக்கை. ஆனால் இப்படி நிற்கும் நாட்களுக்கான ஹாஸ்டல் செலவு, கல்விக்கடன் வட்டி யார் பொறுப்பு என்பதை மாணவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் முடிவு செய்யும்.

வெளிநாட்டு உதாரணம் இன்னும் கொடுமை. அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சிப் பள்ளி 2008 பிப்ரவரியில் ஒரே நாளில் மூடப்பட்டு திவாலானது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதியில் நின்றார்கள். பலர் சுமார் 70 ஆயிரம் டாலர் கடன் வாங்கி முன்பணமாகக் கட்டியிருந்தவர்கள். பள்ளி போனது, கடன் நின்றது.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

* டிஜிசிஏ அங்கீகாரம்: அங்கீகரிக்கப்பட்ட பள்ளிகளின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.
* தரவரிசை: 2025 அக்டோபர் முதல் பள்ளிகளுக்கு டிஜிசிஏ கிரேடு கொடுக்கிறது. முதல் பட்டியலில் 35 பள்ளிகள் மதிப்பிடப்பட்டன. ஏ++, ஏ கிரேடு ஒன்றுக்குக்கூட கிடைக்கவில்லை. 13 பள்ளிகள் பி, 22 பள்ளிகள் சி.
* 200 மணி நேரத்தின் பிரிப்பு: ஒற்றை எஞ்சின் எவ்வளவு, இரட்டை எஞ்சின் எவ்வளவு, சிமுலேட்டர் எவ்வளவு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.
* கால வரம்பு: எத்தனை மாதத்தில் முடியும்? தாமதமானால் யார் செலவு?
* தவணை: தேதிக்குத் தவணையா, பறந்த மணிக்குத் தவணையா? பறந்த மணிக்கு ஏற்பக் கட்டுவதுதான் மாணவருக்குப் பாதுகாப்பு.
* ரீஃபண்ட்: 'எந்தக் காரணத்துக்காகவும் பணம் திருப்பித் தரப்படாது' என்ற வரி இருக்கிறதா?
* தகராறு எங்கே? 'டெல்லி நீதிமன்றம் மட்டும்', 'நடுவர் தீர்ப்பு மட்டும்' போன்ற வரிகளைக் கவனியுங்கள்.

ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்களா?

இது பலருக்கும் தெரியாத விஷயம். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் நடத்தும், டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற விமானப் பயிற்சிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று 2024 செப்டம்பர் 9-ல் நடந்த 54-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் தெளிவுபடுத்தியது. 40 லட்சம் ரூபாய் ஃபீஸுக்கு 18 சதவீதம் என்றால் 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். பில்லில் ஜிஎஸ்டி இருந்தால் எந்த அடிப்படையில் போட்டீர்கள் என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். ஹாஸ்டல் போன்ற தனிச் சேவைகளுக்கான கணக்கு வேறு.

பிரச்சினை வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

கோபத்தில் பயிற்சியை விட்டு வந்துவிடாதீர்கள். 'மாணவரே நின்றுவிட்டார்' என்று பள்ளி சொல்ல அது வழி செய்துவிடும். முதலில் ஆதாரம் சேருங்கள்.

ஒப்பந்த நகல், ரசீதுகள், வங்கிப் பரிவர்த்தனை, விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். 'இன்று ஃப்ளைட் கேன்சல்' என்று வந்த மெசேஜ் எல்லாம் சாட்சிதான். போனில் பேசியதை அன்றைக்கே ஒரு மெயிலாக அனுப்பிவிட்டால் அதுவும் ஆவணமாகிவிடும்.

அடுத்து, கணக்கு. உதாரணத்துக்கு, 200 மணி நேரத்துக்கு மொத்த ஃபீஸ் 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 22,500 ரூபாய். மாணவர் 80 மணி நேரம் பறந்திருந்தால் பள்ளி செய்த சேவை 18 லட்சம். கட்டியது 30 லட்சம் என்றால் நிலுவை 12 லட்சம். தரைவகுப்பு, ஹாஸ்டலுக்கான தொகையைப் பள்ளி கழிக்கக் கேட்கும். அதையும் கணக்கில் காட்டுங்கள். 'எல்லாப் பணத்தையும் கொடு' என்பதைவிட இப்படிக் கணக்கோடு கேட்பது வலுவானது.

இந்தக் கணக்குடன் பள்ளிக்கு மெயிலும், ஒப்புதல் அட்டையுடன் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பி, 15 நாள் அல்லது 30 நாள் கெடு கொடுங்கள். பணம் கேட்பதோடு, பறந்த மணிகளுக்கான சான்றையும் கேளுங்கள். வேறு பள்ளியில் பயிற்சியைத் தொடர அது கட்டாயம் தேவைப்படும்.

டிஜிசிஏவிடம் புகார் கொடுத்தால் பணம் வருமா?

வராது. டிஜிசிஏ பார்ப்பது விமானம், பயிற்சியாளர், பாதுகாப்பு, பயிற்சித் தரம். பொய்யான பறப்பு மணி எழுதினார்கள், தகுதியில்லாத விமானம் ஓட்டினார்கள் என்றால் அங்கே புகார் கொடுக்கலாம். ஃபீஸைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு வழங்கும் இடம் அது அல்ல. ஆனால் அங்கே கொடுத்த புகாரும் வந்த பதிலும் பின்னால் நீதிமன்றத்தில் ஆதாரமாக உதவும்.

நுகர்வோர் ஆணையம்: அரியலூரிலேயே வழக்கு போடலாம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 செய்த பெரிய மாற்றம் இது. பள்ளி மகாராஷ்டிராவில் இருந்தாலும், மத்தியப் பிரதேசத்தில் இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர் அரியலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும்.

* கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம்.
* 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய்.
* பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.
* வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.
* அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து பார்க்கலாம்.

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறதே என்றால், அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது. எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஒப்பந்தமே ஒருதலைப்பட்சம், அபராதம் நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரிது என்றால் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று புகார் செய்யலாம். ஆனால் அதற்கு மாவட்டம் அல்ல, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அந்த வரிகளைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கு உண்டு.

இங்கேதான் ஒரு சிக்கல்

'நாங்கள் கல்வி நிறுவனம், எங்கள் மேல் நுகர்வோர் வழக்கு செல்லாது' என்று பள்ளி வாதாடலாம். அந்த வாதத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. மனு சோலங்கி – விநாயகா மிஷன் பல்கலைக்கழக வழக்கில் 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம், தொழிற்கல்வி உட்பட கல்வி நிறுவனங்கள் சட்டத்துக்குள் வராது, ஆனால் கோச்சிங் சென்டர்கள் வரும் என்று சொன்னது. அதற்கு எதிரான மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மறுபக்கம், 2009-ல் புத்திஸ்ட் மிஷன் பல் மருத்துவக் கல்லூரி வழக்கில் ஏமாற்றப்பட்ட மாணவர்களுக்கு உச்ச நீதிமன்றமே நிவாரணம் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி' என்று சொல்லி ஜிஎஸ்டி விலக்கு கேட்கும் அதே காரணத்தை, 'அப்போ இது கல்விதானே' என்று பள்ளி திருப்பிப் போடலாம். அதனால் புகாரில் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசாமல், 'இத்தனை மணி நேரத்துக்குப் பணம் வாங்கினார்கள், விமானம் தரவில்லை' என்று விற்ற சேவையைப் பற்றி எழுதுவது நல்லது.

ஆணையம் ஏற்காவிட்டால்?

சிவில் நீதிமன்றம் இருக்கிறது. கால வரம்பு பொதுவாக 3 வருடம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் பிரிவு 73-ன் கீழ் நஷ்டஈடு கேட்கலாம். ஒப்பந்தத்தில் பெரிய அபராதம் எழுதியிருந்தாலும், நியாயமான அளவுக்கு மேல் வசூலிக்க முடியாது என்கிறது பிரிவு 74. நல்லெண்ணத்தோடு நுகர்வோர் ஆணையத்தில் செலவழித்த காலத்தைக் கழித்துக்கொள்ளக் காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 14-ல் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2017-ல் நீதிமன்றக் கட்டணம் 7.5 சதவீதத்தில் இருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 10 லட்சத்துக்கு வழக்கு என்றால் 30 ஆயிரம் ரூபாய். ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள 'டெல்லி மட்டும்', 'நடுவர் மட்டும்' வரிகள் இங்கே குறுக்கே நிற்கலாம்.

செலவு செய்ய முடியாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். அங்கே கட்டணம் இல்லை. முடிவுக்கு மேல்முறையீடும் இல்லை.

போலீஸ் புகார் எப்போது?

தாமதம், தகராறு என்றால் அது சிவில் விவகாரம். அங்கீகாரமே இல்லாமல் இருக்கிறது என்று சொல்லி வாங்கினார்கள், ஆரம்பத்திலேயே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்றால் அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-ன் கீழ் புகார் கொடுக்கலாம்.

கடன் என்னவாகும்?

தகராறு நடக்கிறது என்பதற்காக வங்கி காத்திருக்காது. கல்விக்கடனில் பயிற்சி என்றால் பிரச்சினை தொடங்கியதுமே வங்கிக்கு எழுதிக் கொடுத்து, அடுத்த தவணையைப் பள்ளிக்கு விடுவிக்க வேண்டாம் என்று கேளுங்கள். ஏற்கனவே போன பணத்தை மீட்பதைவிட, போகாமல் தடுப்பது எளிது.

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலில் யாருக்கு எவ்வளவு கொடை என்பதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதனால்தான் ஆயிரம் வருடம் கழித்தும் யாரும் மறுக்க முடியவில்லை. பயிற்சிப் பள்ளி வாயால் சொல்லும் ஒவ்வொரு வாக்குறுதியையும், கல்லில் இல்லாவிட்டாலும் காகிதத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.