தேறல்: போர்தோ புட்டி ஒன்றின் கதை

சற்று நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்ததுபோல் பொறுமையாகப் படியுங்கள்.

நான் மது அருந்துபவன் அல்ல. ஆனால் ஆழ்வார்பேட்டையில் என் வீட்டு மர அலமாரியில் ஒரு பிரெஞ்சு ஒயின் புட்டி பல ஆண்டுகள் படுத்துக் கிடந்தது. 1990ஆம் ஆண்டு அறுவடை, போர்தோ. புதுச்சேரியில் பிறந்து பிரான்சில் குடியேறிய என் மைத்துனர் 1998இல் கொண்டுவந்தது. "நல்ல வருஷத்துச் சரக்கு அத்தான். பத்து வருஷம் போனால் அருமையாக இருக்கும். எல்லாரும் சேர்ந்து திறப்போம்" என்றார்.

ஒயின் நம் மண்ணுக்குப் புதிதல்ல. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகைப்பிடி மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றில் பல கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயின் வந்த சாடிகள் என்று பிற்கால ஆய்வு கண்டது. யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் சொல்கிறார். அயல்நாட்டுச் சரக்கு மட்டுமல்ல. நிலத்தில் புதைத்து முதிரவைத்த மதுவைக் குடிசைதோறும் பகிர்ந்த பாரியின் நாட்டை, 120ஆம் பாட்டில் கபிலர் நினைத்து ஏங்குகிறார். தெளிந்த மதுவுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் தேறல். தேறுவது என்றால் தெளிவது. பரீட்சையில் தேறுவதும் அதே சொல்தான்!

போர்தோ சிவப்பு ஒயினும் அப்படித்தான் தேறுகிறது. புதிதில் கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் நாக்கை இழுக்கும் துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் காரணம். ஆண்டுகள் போகப் போக அது ஒன்றோடொன்று சேர்ந்து, மண்டியாக அடியில் தங்கும். துவர்ப்பு தணியும். ஊதா கலந்த நிறம் செங்கல் நிறமாகும். பழ வாசனை போய், காய்ந்த இலை, தோல், மழை நனைத்த மண் போன்ற வாசனைகள் எழும்.

பதம் பார்ப்பவர்கள் முதலில் புட்டியின் கழுத்தைப் பார்ப்பார்கள். ஒயின் தோள்வரை இறங்கியிருந்தால் காற்று புகுந்திருக்கலாம். பிறகு வெள்ளைத் துணியின்மேல் கிண்ணத்தைச் சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பார்ப்பார்கள். பெட்டியாக வாங்கியவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு புட்டி திறந்து சுவைத்து, மற்றவற்றுக்கு நாள் குறிப்பார்கள். ஒரே புட்டி வைத்திருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. மறுதேர்வு கிடையாது.

போர்தோவில் லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் என்றொருவர் இருந்தார். இந்தியாவுக்கு அனுப்பி விற்காமல் திரும்பிய ஒயின், கடற்பயணத்தில் மெருகேறி வந்ததைக் கண்டாராம். கிழக்கத்திய பாணிக் கோபுரங்களோடு ஒயின் கூடம் கட்டினார். கடைசியில் கடன்பட்டு 1852இல் தோட்டத்தை விற்றார். 1853இல் இறந்தார். 1855இல் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது அவருடைய ஒயின் இரண்டாம் தரத்தில் இடம்பெற்றது. முதல் தரத்தில் அன்று இருந்தவை நான்கே. அதைப் பார்க்க அவர் இல்லை.

என் மைத்துனர் 2005, 2011, 2017 என மூன்று முறை வந்தார். மூன்று முறையும் "இப்பத் திறக்கலாமா அத்தான்?" என்று கேட்டார். குடிக்காதவன் என்ற மிடுக்கோ என்னவோ, "நல்ல நாளாகப் பார்ப்போம்" என்று மூன்று முறையும் நான்தான் தள்ளிப்போட்டேன்.

சென்ற ஆண்டு அவர் காலமானார். இந்தப் பொங்கலுக்கு அவர் மகன் வந்தான். "மாமா, அப்பாவுக்காகத் திறப்போம்" என்றான். தக்கை பாதி வெளியே தள்ளியிருந்தது. விளிம்பில் செங்கல் நிறத்தைத் தேடினேன், முழுதும் பழுப்பு. புளித்த காடி வாசனை. பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக் குளிர்ச்சியில் உறங்கவேண்டியதை இருபதுக்கு மேற்பட்ட சென்னைக் கோடைகளில் வேகவைத்துவிட்டேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டு, மீதியை முற்றத்துச் செம்பருத்தி அடியில் ஊற்றினான்.

முப்பத்து நான்கு வருடம் உங்கள் விடைத்தாளில் தேறினாயா, தேறவில்லையா என்று எழுதியவன் நான். இந்தத் தேர்வில் தேறவில்லை. 2005இல் அவர் கேட்டபோதே அது நல்ல நாள்தான். கேட்டவர் எதிரே உட்கார்ந்திருந்தாரே.

யாரையும் குடிக்கச் சொல்லவில்லை பிள்ளைகளே. உங்கள் அலமாரியிலும் ஏதாவது காத்திருக்கும். எடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்