ஏழிசை மன்னரும் தோட்டத்து வானொலியும்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலையும் கங்காணியையும் எழுதினர். ரப்பரையும் கூலியையும் எழுதினர். சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும் எழுதினர். இவை யாவும் எழுதப்பட வேண்டியவையே. எனினும், பகலெல்லாம் பால்மரம் வெட்டிய மக்கள் மாலையில் எந்தக் குரலுக்குச் செவி சாய்த்தனர், எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு விடியற்காலைப் பெரட்டுக்குச் சென்றனர் என்னும் வினாக்களுக்கு நாம் போதிய இடம் தரவில்லை. உழைப்பின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு ஓய்வின் வரலாறு எழுதப்படவில்லை.

ரவாங் வட்டாரத்தில் இன்று எண்பதை எட்டிய முதியோர் சிலர் கூடினால், பேச்சு எப்படியோ தியாகராஜ பாகவதரிடம் வந்து சேர்கிறது. சின்னப்பா, கிட்டப்பா, சுந்தராம்பாள், கலைவாணர் எனப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. இளையோர் இதனை முதுமையின் ஏக்கம் என்று நகைத்துவிட்டுச் செல்கின்றனர். அவ்வேக்கத்துக்குள் ஒரு வரலாறு இருக்கின்றது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேடைக் குரல்

தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. அக்காலப் படங்கள் ‘பேசும்படம்’ என்று பெயர் பெற்றனவேயன்றி, உண்மையில் அவை பாடும் படங்களே. 1934இல் பாகவதர் முதன்முதல் தோன்றிய பவளக்கொடியில் ஏறத்தாழ 50 பாடல்கள் இடம்பெற்றன. நாடக மேடையே திரைக்குப் பெயர்ந்து வந்தமையால் இந்நிலை ஏற்பட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் வகுத்த இசைநாடக மரபில், நடிகன் என்றால் பாடத் தெரிந்தவன் என்பதே பொருள்.

ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். ஆகவே உச்சத்தில் நின்று பாடும் குரலே மேடையை ஆண்டது. எஸ்.ஜி. கிட்டப்பா அத்தகைய குரலால் புகழெய்தி, 1933இல் முப்பது வயது நிரம்பும் முன்னரே மறைந்தார். அவருடைய குரல் இசைத்தட்டுகளில் எஞ்சியது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். மேடையில் அரைமணி நேரம் விரிந்த பாட்டு அச்சிறு காலத்துக்குள் சுருங்க வேண்டியதாயிற்று. நம் முன்னோர் ‘பாகவதர் பாட்டு’ என்று கேட்டு மகிழ்ந்தது, இவ்வாறு கருவியின் அளவுக்கு ஏற்பச் செதுக்கப்பட்ட இசையையே.

மயிலாடுதுறையில் பிறந்த பாகவதர் சிந்தாமணி (1937), அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), அசோக்குமார் (1941), சிவகவி (1943) எனப் படத்துக்குப் படம் உயர்ந்தார். 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்கள் பல, இசைப்பயிற்சி இல்லாதவர் நாவிலும் இராகச் சுத்தத்தோடு வழங்கின. எழுத்தறியாத் தொழிலாளி ஒருவர், இராகத்தின் பெயர் அறியாமலே அதன் வடிவை அறிந்திருந்தார். இஃது எளிய செய்தியன்று.

கடல் கடந்த குரல்

இக்குரல்கள் மலாயாவுக்கு மூன்று வழிகளில் வந்தன. நாடகக் குழுக்கள் பினாங்கு, சிங்கப்பூர் முதலிய துறைமுகங்களுக்கு வந்து ஆடின. இசைத்தட்டுகள் கடைத்தெருக்களை அடைந்தன. படச்சுருள்கள் நகர அரங்குகளுக்கும், பின்னர் ஊர் ஊராகச் செல்லும் படக்காட்சியாளர் வழியே தோட்டத் திடல்களுக்கும் வந்தன. திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெண்திரை கட்டப்படும். பாய்களோடு குடும்பங்கள் முன்னதாகவே இடம் பிடிக்கும். திரையின் பின்புறம் அமர்ந்து எதிர்மாறாகப் படம் பார்த்தவர்களும் உண்டு.

1942இல் ஜப்பானியர் படையெடுப்பால் இந்தியாவோடு இருந்த கடல்வழித் தொடர்பு அறுந்தது. தோட்டத் தமிழர் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; திரும்பாதோர் ஏராளம். 1945இல் போர் முடிந்து, மீண்டும் கப்பல்கள் வரத் தொடங்கின. ஈண்டு வரலாற்றின் கொடுமை ஒன்றை நோக்குதல் வேண்டும். 1944 நவம்பரில் நிகழ்ந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகித் தண்டிக்கப்பட்டனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு சென்று, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவராக விடுதலை பெற்றனர். எனவே, சாவுப் பாதையிலிருந்து மீண்டவர்கள் தம் துயரத்தை அக்குரலில் ஆற்றிக்கொள்ளத் தொடங்கிய காலத்தில், அக்குரலுக்கு உரியவர் சிறைக்குள் இருந்தார். விடுதலைக்குப் பின் அவர் நடித்த படங்கள் பழைய வெற்றியைப் பெறவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார். ஆயினும் தோட்டத்து மக்கள் அவரைத் தோற்றவராக நினைக்கவில்லை. அவர்களிடம் இருந்தது தட்டில் பதிந்த குரல். அது மூப்பும் சிறையும் அறியாதது.

பெட்டி பேசிய காலம்

1894ஆம் ஆண்டில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி நிறுவினர். இந்நாட்டில் மின்சாரம் பயன்பட்டதற்குக் கிடைக்கும் முதற்பதிவு இதுவே. அப்பெருமை நம் ஊருக்கு உரியது. எனினும், சுரங்கத்துக்கு வந்த மின்சாரம் தோட்ட லயங்களுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் வாழ்ந்த மக்களுக்கு வானொலி என்பது கிராணி வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று கேட்கும் பொருளாகவே நெடுநாள் இருந்தது.

1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதன் நான்கு மொழிகளுள் ஒன்றாயிற்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அரசாங்கம் தன் செய்திகளைப் பரப்பும் பொருட்டுப் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. செய்திக்காக வைத்த பெட்டி பாட்டுக்காகவும் மக்களை ஈர்த்தது. 1959 சனவரியில் நிலையம் சிங்கப்பூரிலிருந்து பிரிந்து கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது. 1963இல் மலேசிய வானொலி ஆயிற்று. ஏறத்தாழ அக்காலத்திலேயே மின்கலத்தில் இயங்கும் சிறிய டிரான்சிஸ்டர்ப் பெட்டிகளும் பரவின. மின்சாரத்துக்குக் காத்திராமல் வானொலி லயத்தின் வாசலுக்கே வந்தது.

கடல் கடந்து இலங்கை வானொலியும் வந்தது. இந்திய அரசு வானொலி 1952 முதல் திரைப்பாடல்களை ஏறக்குறைய விலக்கி வைத்தபோது, அவ்விடத்தைக் கொழும்பின் வர்த்தக ஒலிபரப்பு நிரப்பியது. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்கள் பாடகர்களுக்கு நிகரான புகழ் பெற்றனர். இந்தியா தன் தவற்றை உணர்ந்து விவித பாரதியைத் தொடங்கியது 1957இல்தான்.

வானொலி செய்த இரு நன்மைகளை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, திருத்தமான தமிழ் ஒலிப்பு. லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பள்ளிக்குச் செல்லாத தாயும் அறிவிப்பாளர் வாயிலாக நாள்தோறும் கேட்டார். இரண்டாவது, நேயர் விருப்ப நிகழ்ச்சி. தோட்டத் தொழிலாளியின் பெயரைப் பிறர் உரக்கப் படிக்கும் இடம் அதுவரை ஒன்றே ஒன்றுதான்: காலைப் பெரட்டில் செக்ரோல் புத்தகம். அங்கே பெயர் என்பது அன்றைய கூலிக்குரிய ஒரு வரி. வானொலியில் அதே பெயர், ஊர்ப் பெயரோடும் குடும்பத்தார் பெயர்களோடும், ஒரு பாடலை விரும்பிய மனிதரின் பெயராக ஒலித்தது. பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பெயர் கேட்ட மகிழ்ச்சி ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

ஏக்கம் மறப்பவை

ஏக்கம் ஒரு நல்ல சாட்சி. ஆனால் அது நல்ல நீதிபதியன்று. அது தனக்கு இனியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்போர், அப்பாட்டைக் கேட்டு உறங்கிய பிள்ளை மறுநாள் பள்ளிக்குச் செல்லாமல் தாயோடு காட்டுக்குச் சென்றதை மறந்துவிடுகின்றனர்.

பெண் கலைஞரின் வாழ்வையும் அது எளிதில் மறக்கும். கணவர் கிட்டப்பாவை இழந்து வெள்ளாடை உடுத்திய கே.பி. சுந்தராம்பாள், 1935இல் நந்தனார் படத்தில் ஆண் வேடம் தாங்கி நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்ச ரூபாய்; அந்நாளில் எவரும் கேட்டறியாத தொகை. 1951இல் சென்னை மேலவையில் உறுப்பினரானார். 1953இல் ஔவையாராகத் தோன்றினார். இன்று பலர் நினைவில் அவர் திருநீறணிந்த கிழவி மட்டுமே. துயரத்தைத் தன் உழைப்பால் வென்ற ஒரு பெண்ணின் வரலாறு அதனுள் மறைந்துவிட்டது.

கலைவாணரும் அவ்வாறே. அவரை நகைச்சுவையாளர் என்று மட்டும் நினைவு கூர்கின்றோம். நல்லதம்பி (1949) படத்தில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபம், ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் நகரம் சென்று கல்வியால் உயரும் கதை. நந்தனுக்குத் திருக்கோயில் வாயில். கிந்தனுக்குப் பள்ளிக்கூட வாயில். தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதனினும் சிறந்த பாடம் கிடைக்குமா?

அழிவும் கடமையும்

காளிதாஸ் படத்தின் ஒரு படியும் இன்று இல்லை. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டு வகையைச் சார்ந்தவை; வெப்பத்திலும் ஈரத்திலும் தாமே சிதைபவை. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தொடங்கப்படும் முன்னரே பல படங்கள் அழிந்தன. பேணுவோர் இன்றேல் புகழும் நில்லாது என்பதற்கு இவை சான்று.

நம் நாட்டிலேயே நற்சான்றும் உண்டு. 1973இல் மறைந்த பி. ரம்லியின் செத்தாப்பாக் இல்லம், 1986இல் நினைவகமாகத் திறக்கப்பட்டது. அக்கலைஞரைக் கதாநாயகராக்கிய பக்தி (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். மலாய்த் திரையின் பொற்காலத்தில் நமக்கும் பங்குண்டு. பேணும் முறையில் நாம் அவர்களிடம் கற்க வேண்டியதும் உண்டு.

பாகவதரின் பாடல்களைப் பேண இன்று கருவிகள் உள்ளன. அவை எங்கும் கேட்கக் கிடைக்கின்றன. பேண ஆள் இல்லாதது வேறொன்று. அப்பாடல்களைக் கேட்டவர்களின் நினைவே அது. எந்தத் திடலில் படம் ஓடியது? முதல் வானொலிப் பெட்டி எவர் வீட்டுக்கு வந்தது? எந்தப் பாட்டுக்கு எந்தப் பெண் அழுதாள்? இவற்றை எந்தக் காப்பகமும் அறியாது. லயங்கள் இடிந்து குடியிருப்புப் பகுதிகளாகிவிட்டன. எஞ்சியவை சில முதியோரின் நாவு மட்டுமே.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனிடமோ அண்டை வீட்டு மூதாட்டியிடமோ அமர்ந்து, இவ்வினாக்களைக் கேட்டு, விடைகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவரட்டும். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் தவறாமல் குறிக்கட்டும். பாடினால் ஒலிப்பதிவும் செய்யட்டும். ஒரு பள்ளிக்கு இருபது பக்கம் சேர்ந்தாலும் அது வரலாற்றுக்கு மூலமாகும். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் இதனைத் தொடங்குதல் நலம். ஏனெனில் நாம் கேட்கச் செல்ல வேண்டியவர்களின் எண்ணிக்கை மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகின்றது.